மழைப் போத்தலும் நீலக் கீற்றும்: மாரி காலத்தில் சின்னப் பிள்ளைகளோடு ஓர் அளவை விளையாட்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து முன்பள்ளி ரீச்சர்மாரும், மழை நாளில் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. வரிசையாக வாசிக்க வேண்டுமென்றில்லை. போத்தல் செய்ய அவசரமென்றால் நேரே அந்தக் கேள்விக்குப் போங்கள்.

இது என்ன செயற்பாடு? இரண்டு வரியில் சொல்லுங்கள்.

வெறும் பிளாஸ்ரிக் போத்தலில் ஒரு மழைமானி செய்து வளவில் வைக்கிறோம். ஒவ்வொரு நாள் காலையும் பிள்ளை அதில் சேர்ந்த தண்ணீரின் உயரத்துக்கு ஒரு நீலக் கடதாசிக் கீற்றை வெட்டி, சுவரில் தொங்கும் நீளத் தாளில் ஒட்டுகிறது. மாதம் முடியும்போது எந்த நாள் பெருமழை, எந்த நாள் தூறல் என்பது பிள்ளையின் கையாலேயே சுவரில் ஏறியிருக்கும்.

எந்த வயதுக்குச் சரி?

மூன்றிலிருந்து ஆறு வயது வரை. மூன்று வயதுப் பிள்ளை தண்ணீரை ஊற்றும், கீற்றை ஒட்டும், அவ்வளவுதான். நான்கில் தானே வெட்டும். ஐந்தரை, ஆறில் அடிமட்டத்தை வைத்து எண் வாசிக்கத் தொடங்கும். தரம் ஒன்றுக்குப் போனபின் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் வானிலை வரும்போது, கையால் செய்த பிள்ளைக்கு அது புதிதாக இராது.

ஏன் மாரியில்தான் செய்யச் சொல்கிறீர்கள்? மற்ற மாதங்களில் மழை இல்லையா?

இருக்கிறது, ஆனால் பிள்ளையின் பொறுமைக்குப் போதாது. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவிலேயே தன் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம்மிடம் வரும்போது வறண்ட கச்சான் காற்றாக வருகிறது. அந்த மாதங்களில் போத்தலை வைத்தால் இரண்டு கிழமைக்கு ஒன்றும் சேராது. பிள்ளை மறந்தே போய்விடும். ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழையும், அதன் பின் டிசெம்பரிலிருந்து பெப்ரவரி வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்றும்தான் கிழக்கின் மழை. நம் ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த மாதங்களில்தான் விழுகிறது. ஐப்பசியில் தொடங்கித் தை நடுவில் முடித்தால் போதும். கார்த்திகையிலும் மார்கழியிலும் நாளுக்கு நாள் உயரம் மாறுவதால் தாளைப் பார்க்கப் பிள்ளைக்கு ஆசை வரும்.

போத்தலை எப்படித் தெரிந்தெடுப்பது, எப்படி வெட்டுவது?

கொஞ்சம் கவனம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

1.5 லீற்றர் போத்தல் நல்லது. இடை ஒடுங்கிய சோடாப் போத்தல் வேண்டாம். மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனாக, பக்கங்கள் நேராக இருப்பதைப் பாருங்கள். தண்ணீர்ப் போத்தல்களில் வரிவரியாக வளையங்கள் இருக்கும்; மெல்லிய வரி என்றால் பரவாயில்லை.

கழுத்து விரியத் தொடங்கி, பக்கம் நேராகும் இடத்தில் சுற்றிவர வெட்டுங்கள். இது பெரியவரின் வேலை. பிள்ளை பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், கத்தி அதன் கைக்குப் போகக்கூடாது. வெட்டிய மேற்பாதியின் மூடியைக் கழற்றிவிட்டு, தலைகீழாகத் திருப்பிக் கீழ்ப்பாதிக்குள் இறக்குங்கள். இப்போது அது ஒரு புனல். இரண்டின் விளிம்பும் சமமாக இருக்கவேண்டும். வெட்டு விளிம்பு விரலைக் கிழிக்கும். வயர் சுற்றும் ரேப்பை எடுத்து விளிம்பு முழுக்கச் சுற்றிவிடுங்கள். புனலைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும், ஆகவே அதைப் போத்தலோடு சேர்த்து ஒட்டிவிடாதீர்கள்.

அடுத்தது அடிப்பாகம். போத்தலின் அடி குழியும் மேடுமாக இருப்பதால் முதல் சில மில்லிமீற்றர் பிழையாகக் காட்டும். பலர் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு அந்த மட்டத்தைப் பூச்சியமாக வைப்பார்கள். அது சரிதான், ஆனால் ஒவ்வொரு நாளும் தண்ணீரை ஊற்றியபின் மறுபடி பூச்சியத்துக்கு நிரப்பவேண்டும். சின்னப் பிள்ளையோடு அது நடக்காது. வீட்டில் மேசன் வேலைக்கு வாங்கிய சீமெந்து மிச்சம் கிடந்தால் கொஞ்சம் கூழாகக் கரைத்து, மேடு மறையும் வரை ஊற்றி, சமதரையில் ஒரு நாள் காயவிடுங்கள். அடி மட்டமாகிவிடும், பூச்சியம் நிலையாக இருக்கும். வாடைக்காற்றுக்குப் போத்தல் சாயாத அளவுக்குப் பாரமும் கிடைக்கும். சீமெந்தின் மேல்மட்டத்தில் வெளிப்பக்கமாக ஒரு றப்பர் பட்டியைப் போடுங்கள். பிள்ளை தொட்டுப் பார்த்தே “இதிலேருந்துதான் தண்ணி” என்று அறிந்துகொள்ளும்.

அலங்காரம் முழுக்கப் பிள்ளையுடையது. குடை ஒட்டட்டும், தவளை ஒட்டட்டும், பெயர் எழுதட்டும். ஒன்று மட்டும்: போத்தலின் ஒரு பக்கம், மேலிருந்து கீழாக நான்கு விரல் அகலம், வெறுமையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் தெரியாது.

ஜாம் போத்தலோ வாளியோ வைக்கக்கூடாதா?

கண்ணாடி வேண்டாம், உடைந்தால் பிள்ளையின் காலுக்குத்தான் ஆபத்து. அதோடு ஜாம் போத்தலின் வாய் வயிற்றைவிடச் சிறிது. விழுவது குறைவாகவும் பரவுவது அகலமாகவும் இருப்பதால் மழையைக் குறைத்துக் காட்டும். வாளி நேர்மாறு. அகன்ற வாயால் பிடித்த தண்ணீர் ஒடுங்கிய அடியில் சேர்வதால் உயரம் கூடிப்போகும். பக்கம் நேரான பாத்திரம் என்றால் பெரிதோ சிறிதோ ஒரே உயரத்தைத்தான் காட்டும். பால்மா டின் ஒன்றையும் போத்தலையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள், பெரியவர்களே நம்பமாட்டார்கள்.

எங்கள் வளவு முழுக்கத் தென்னை. எங்கே வைப்பது?

வானிலை நிலையங்களில் பக்கத்திலுள்ள மரம், கட்டடத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி மழைமானியை வைப்பார்கள். ஒரு தென்னைக்கு அப்படி இடம் விட்டால் போத்தல் பக்கத்து வீட்டுக்காரர் வளவில்தான் போய் நிற்கும். ஆகவே இருப்பதில் வெளியான இடத்தைப் பாருங்கள். கூரைப் பீலியின் கீழும் தாழ்வாரத்து ஓரமும் கூடாது. அங்கே விழுவது கூரைத் தண்ணீர். வெறும் மணலில் வைத்தால் பெருமழையில் மணல் தெறித்து உள்ளே போகும். ஒரு பழைய வாளியில் மணல் நிரப்பி, அதற்குள் போத்தலைப் பாதி புதைத்து, வாய் வாளி விளிம்புக்கு மேலே நிற்கும்படி வையுங்கள். வேலிக் கட்டையில் கட்டுவதென்றால் போத்தலின் வாய் கட்டையின் தலையைவிட உயரமாக இருக்கட்டும்.

தேங்காய் விழும் இடத்தில் பிள்ளையைக் காலையிலே கொண்டுபோய்க் குனிய வைக்காதீர்கள். இதை எழுதத்தான் வேண்டுமா என்று தோன்றும், ஆனாலும் எழுதுகிறேன்.

எத்தனை மணிக்குப் பார்ப்பது?

காலை 8.30. வளிமண்டலவியல் திணைக்களம் 24 மணிநேர மழையைக் கணக்கெடுப்பதும் காலை 8.30 உடன்தான். முன்பள்ளி கூடும் நேரமும் அதை அண்டித்தான். வீட்டில் என்றால் காலைச் சாப்பாட்டுக்கு முன் என்று வைத்துக்கொள்ளலாம். நேரம் ஒரேயடியாக மாறாமல் இருந்தால் சரி. மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதும் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம், இடி மின்னல் இல்லாவிட்டால். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரத்து மழைக்கு முழக்கம் கூட. அந்த நேரத்தில் பிள்ளை வெளியே இருக்கக்கூடாது. காலையில் பார்க்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எண்ணே தெரியாத பிள்ளை எப்படி அளக்கும்?

எல்லாரும் இதில்தான் வந்து நிற்கிறார்கள். “எங்கட மகனுக்கு இன்னும் இருபதே ஒழுங்காச் சொல்லத் தெரியாது, மில்லிமீற்றர் எப்படி?” என்று கேட்பார்கள். அளப்பதற்கு எண் கடைசியில்தான் வேண்டும். அதற்கு முன் வேண்டியது ஒரு நீளத்தை இன்னொரு நீளத்தோடு சேர்த்துப் பிடிக்கிற கை.

இரண்டு சென்ரிமீற்றர் அகலத்தில் நீலக் கடதாசியைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். காலையில் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொண்டு போத்தலுக்கு முன்னால் முழங்காலில் நிற்கட்டும். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் மட்டம் பிழைக்கும், கண் தண்ணீரின் உயரத்துக்கு வரவேண்டும். கீற்றின் அடியை றப்பர் பட்டியில் பிடித்து, போத்தலோடு ஒட்ட நிமிர்த்தி, தண்ணீர் முடியும் இடத்தில் கடதாசியில் நகத்தால் ஒரு கீறல். அந்தக் கீறலில் வெட்டு. அவ்வளவுதான். அந்தக் கீற்று இப்போது நேற்றைய மழையின் உண்மையான உயரம். யாரும் அதைப் பெருக்கவோ சுருக்கவோ இல்லை.

தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் போத்தலுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளைப் பிடியுங்கள். அல்லது முதல் நாள் வெறும் போத்தலில் ஒரு கிள்ளு கேசரிப் பவுடரைப் போட்டு வையுங்கள். காலையில் சிவந்த மழையைப் பார்க்கவே பிள்ளை ஓடிவரும்.

வெட்டிய கீற்றை அன்றைய திகதிக்கு நேரே, கீழ்க்கோட்டில் அடியை வைத்து ஒட்டவேண்டும். முப்பது நாளுக்கு 60 சென்ரிமீற்றர் நீளமான தாள் போதும். உயரம் 20 சென்ரிமீற்றராவது இருக்கட்டும். ஒரு கிழமை போனால் கேள்விகள் தாமாக வரும். எது உயரம்? எது கட்டை? எந்த இரண்டும் ஒரே அளவு? “நேத்தையான் மழைய விட இண்டைக்குக் கூட” என்று பிள்ளை விரலை வைத்துச் சொன்னால் ஒப்பீடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அடிமட்டத்தைக் கொடுங்கள். முதலில் சென்ரிமீற்றர் மட்டும், “மூன்றைத் தாண்டிட்டு, நாலு வரல்ல” என்ற அளவில். மில்லிமீற்றருக்கு அவசரமில்லை.

கையை வைத்தும் அளக்கலாம். கீற்று எத்தனை விரற்கடை? மாதம் முழுக்கப் பெய்த கீற்றுகளைத் தலையும் காலுமாக நிலத்தில் அடுக்கினால் எத்தனை சாண்? அம்மாவின் சாணுக்கும் மகளின் சாணுக்கும் வேறு வேறு விடை வரும்போது “ஏன்?” என்று கேட்டுவிட்டு விடையைச் சொல்லாமல் விடுங்கள். அடிமட்டம் எதற்கு என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும் இடம் அது.

இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் சேர்ந்திருக்கிறது, அதை எப்படி வெட்டி ஒட்டுவது?

வெட்டவேண்டாம். ஒரு நீல ஸ்ரிக்கர் பொட்டை ஒட்டுங்கள். மழையே இல்லாத நாளுக்கு மஞ்சள் பொட்டு. வெறும் நாளை வெறுமையாக விடக்கூடாது. பார்க்க மறந்த நாளும் மழையில்லா நாளும் ஒன்றாகத் தெரிந்தால் தாளுக்கு அர்த்தமில்லை.

போத்தல் நிரம்பி வழிந்துவிட்டால்?

1.5 லீற்றர் போத்தலில் நேரான பகுதி ஏறத்தாழ ஒரு சாண் வரும். அது நிரம்பினால் அன்று சாதாரண மழையில்லை. வானிலை அறிக்கையில் “100 மி.மீ. இலும் கூடிய பலத்த மழை” என்று கேட்டால் படுக்கப் போகும் முன் ஒருமுறை பார்த்து, ஒரு கீற்றை வெட்டி வைத்து, தண்ணீரை ஊற்றிவிடுங்கள். காலையில் வெட்டுவதை அதன் தலையில் ஒட்டலாம். இரவில் போக முடியாவிட்டால் தாளின் உச்சி வரை கீற்றை ஒட்டி, மேலே ஓர் அம்புக்குறி போடச் சொல்லுங்கள்: இதைவிடக் கூட.

எத்தனை தரம் காட்டினாலும் என் மகள் ஒடுங்கின கிளாசில்தான் தண்ணி கூட என்கிறாள். விளங்கவில்லையோ?

பயப்பட ஒன்றுமில்லை. அந்த வயதில் அப்படித்தான். சுவிஸ் நாட்டு உளவியலாளர் ஜீன் பியாஜே இதே சோதனையைச் செய்து, பாத்திரத்தின் வடிவம் மாறினாலும் தண்ணீரின் அளவு மாறாது என்ற விளக்கம் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஏழு வயதளவில்தான் நிலைக்கிறது என்று சொன்னார். முன்பள்ளிப் பயிற்சி பெற்ற ரீச்சர்மாருக்கு அவர் பெயர் பழக்கம். திருத்தித் திருத்திச் சொல்வதால் அந்த விளக்கம் முந்தி வந்துவிடாது. ஊற்றி விளையாடவிடுங்கள். போத்தலை எல்லா நாளும் ஒரே போத்தலாக வைத்திருக்கச் சொல்வதும் இதற்காகத்தான்: ஒரே போத்தலில் உயரம் கூடினால் மழையும் கூட, அதில் குழப்பமில்லை.

ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் உண்மையில் எவ்வளவு தண்ணீர்?

ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர். நாலு மீற்றருக்கு ஐந்து மீற்றர் கூரையுள்ள அடுப்படியை எடுத்துக்கொள்ளுங்கள்: 20 சதுர மீற்றர். ஓர் இரவில் 50 மில்லிமீற்றர் பெய்தால் அந்தக் கூரையில் மட்டும் 1000 லீற்றர் விழுந்திருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் கறுப்புத் தாங்கி ஒன்று முழுசாக. ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு வராது. ஆனால் கீற்றைக் காட்டி, தாங்கியைக் காட்டி, “இவ்வளவு கீற்றுக்கு அவ்வளவு தண்ணி” என்றால் வாயைப் பிளக்கும். அதே இரவில் 9 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உங்கள் போத்தலுக்குள் வந்தது ஏறத்தாழ 320 மில்லிலீற்றர்தான்.

படுவான்கரையிலோ சம்மாந்துறையிலோ வயல் செய்கிற அப்பாவோ வாப்பாவோ வீட்டில் இருந்தால் நல்லது. பெரும்போக வேளாண்மைக்காரருக்கு இந்த எண் விளையாட்டு இல்லை. “இண்டைக்கு எத்தனை மனே?” என்று அவர் காலையில் கேட்டுவிட்டால் போதும், மறுநாள் பிள்ளையை எழுப்பவே தேவையில்லை. பஞ்சாங்கத்தில் இந்த வருசம் இத்தனை மரக்கால் மழை என்று போட்டிருப்பதை அம்மம்மா வாசித்துக் காட்டட்டும். பிறகு போத்தல் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம்.

நாங்கள் அளந்ததும் அறிக்கையில் சொன்னதும் ஒத்துவரவில்லையே?

ஒத்துவராது. அறிக்கையில் வருவது ஒரு நிலையத்தில் விழுந்த மழை. மட்டக்களப்பிலும் பொத்துவிலிலும் வானிலை நிலையங்கள் இருக்கின்றன, உங்கள் வளவில் இல்லை. இடைப்பருவத்தில் கல்லடியில் கொட்டும், ஆரையம்பதியில் வெயில் எறிக்கும். அதோடு நம் போத்தல் காற்றுக்கும் மரத்துக்கும் நடுவில் நிற்கிறது. பக்கத்திலுள்ள நிலையத்தில் 60 என்று சொல்லி, உங்களுக்கு 50 வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். பிள்ளைக்கு முன்னால் “எங்கட பிழை” என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வளவில் விழுந்ததை அந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாரும் அளக்கவில்லை.

நுளம்பு பெருகாதா?

ஒவ்வொரு நாளும் ஊற்றினால் பெருகாது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு கிழமை, பத்து நாள் செல்லும். முன்பள்ளி விடுமுறைக்குப் பூட்டும்போது போத்தலைக் கவிழ்த்துவிட்டுப் போவதுதான் முக்கியம். மணல் வாளியிலும் தண்ணீர் தேங்கக்கூடாது, அடியில் இரண்டு துளை போடுங்கள்.

புத்தகங்களில் குளிர்காலம் என்றால் பனிமனிதன், பனிப்பூ. அதைச் செய்யக்கூடாதா?

செய்யுங்கள், அழகான வேலை. வட்டமான வெள்ளைக் கடதாசியைப் பாதியாக மடித்து, அந்த அரைவட்டத்தைச் சமமான மூன்று பங்காக மடித்து, விளிம்புகளில் துண்டு துண்டாக வெட்டி விரித்தால் ஆறு கை கொண்ட பூ வரும். எட்டுக் கை வரக்கூடாது. நீர் உறைந்து படிகமாகும்போது அறுகோணமாகத்தான் அடுக்கும், அதனால் உண்மையான பனிப்பூவுக்கும் ஆறு கைதான்.

ஆனால் அதையே நம் குளிர்காலம் என்று சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சுவரெல்லாம் பனிமனிதன், யன்னலுக்கு வெளியே முற்றத்தில் முழங்கால் தண்ணீர். பிள்ளை எதை நம்பும்? நீர் உறைய வெப்பநிலை பூச்சியத்துக்கு இறங்கவேண்டும். நம் கரையோரத்தில் மார்கழி அதிகாலையிலும் 20 பாகை செல்சியசுக்குக் கீழே போவது அரிது. நுவரெலியாவில் தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும், அதுவும் வானத்திலிருந்து கொட்டும் பனி இல்லை.

இரண்டையும் சேர்க்க நல்ல வழி ஒன்று உண்டு. கனடாவிலோ சுவிசிலோ சித்தியோ மாமாவோ இல்லாத வீடு இங்கே குறைவு. அங்கே பனி கொட்டும் நாளில் அங்குள்ள மச்சானோ மச்சாளோ முற்றத்துப் பனியில் அடிமட்டத்தைக் குத்தி உயரத்தைச் சொல்லட்டும், இங்குள்ள பிள்ளை அந்த உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கீற்றை வெட்டட்டும். பொதுவாக 10 சென்ரிமீற்றர் புதுப்பனி உருகினால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர்தான் (பனி ஈரமா உலர்வா என்பதைப் பொறுத்து மாறும்). வெள்ளைக் கீற்றைப் பத்தாக மடித்து நீலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கிழக்கின் ஒரு மார்கழி இரவு எவ்வளவு தண்ணீரைக் கொட்டியிருக்கிறது என்பது தெரியும்.

கூதலை அளக்கலாமா?

அறை வெப்பமானி ஒன்று இருந்தால் அளக்கலாம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி சரிவராது, அது 35 பாகைக்கு மேல்தான் காட்டும். வெப்பமானி இல்லாவிட்டால் மூன்று கோப்பை: ஒன்றில் இளஞ்சூட்டு நீர், ஒன்றில் ஐஸ் போட்ட நீர், நடுவில் சாதாரண நீர். ஒரு கையைச் சூட்டிலும் மற்றதைக் குளிரிலும் கொஞ்சநேரம் வைத்துவிட்டு இரண்டையும் நடுக்கோப்பையில் வைத்தால், ஒரு கை குளிர் என்னும், மற்றக் கை சூடு என்னும். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துத் திரும்பச் செய்வார்கள்.

காற்றுக்கு என்ன செய்யலாம்?

தென்னோலையில் காற்றாடி பின்னி ஈர்க்கில் குத்துவது உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டில் மூத்தவர் ஒருவருக்குத் தெரிந்திருக்கும், கேளுங்கள். திசை பார்க்க ஒரு தடியில் நாலு பொலித்தீன் நாடா கட்டினால் போதும். கரையோரத்துப் பிள்ளைக்குக் கிழக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, கடல் இருக்கிற பக்கம். அங்கிருந்து தொடங்கி, நாடா எந்தப் பக்கம் பறக்கிறதோ காற்று அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது என்று காட்டுங்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கீழ்க்காற்று என்றால் கொண்டல். மீன்பிடிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் இதில் ரீச்சரைவிடக் கெட்டிக்காரர்.

இருபத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு போத்தலை வைத்து எப்படிச் சமாளிப்பது?

ஐந்து போத்தல் செய்யுங்கள். குழுவுக்கு ஒன்று, நாளுக்கு ஒரு பிள்ளை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காமல் ஒன்றை மாமரத்தின் கீழும், ஒன்றைத் தாழ்வார ஓரத்திலும், மற்றவற்றை வெளியிலும் வையுங்கள். மறுநாள் ஒரே மழைக்கு வேறு வேறு கீற்று வரும். மரத்துக்குக் கீழே ஏன் கட்டை, தாழ்வாரத்தில் ஏன் நிரம்பி வழிந்தது? நாலரை வயதுப் பிள்ளைகள் இதற்குச் சொல்லும் காரணங்களை எழுதி வைக்க ஒரு கொப்பி தேவைப்படும்.

செலவு?

போத்தலும் மணலும் சும்மா. நீலக் கடதாசி, பசை, ரேப், பொட்டுப் பெட்டி, அவ்வளவுதான்.

என் மகன் மழை இருட்டினாலே அழுகிறான். அவனை இதில் சேர்க்கலாமா?

கேட்காமல் சேர்க்காதீர்கள். 2011 ஜனவரி வெள்ளமும் 2024 நவம்பர் வெள்ளமும் இங்கே எத்தனையோ குடும்பங்களைப் பாடசாலைக் கட்டடங்களில் படுக்க வைத்தன. பிள்ளை அதைப் பார்த்திருக்கலாம், அல்லது பெரியவர்களின் பேச்சில் கேட்டிருக்கலாம். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியை அப்பப்பா இன்றும் நேற்று நடந்ததுபோல்தான் சொல்வார். அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதலில் உள் வேலைகளைக் கொடுங்கள்: கீற்று வெட்டுவது, பொட்டு ஒட்டுவது. போத்தலை வேறொருவர் உள்ளே கொண்டுவரட்டும். சில பிள்ளைகளுக்குக் கீற்றைக் கையில் வைத்திருக்கும்போது “இவ்வளவுதான் பெஞ்சது” என்று சொல்லக் கிடைப்பது உதவும். சிலருக்கு உதவாது, அவர்களை விட்டுவிடுங்கள். நித்திரை குழம்புவதும் அழுகையும் கிழமைக் கணக்கில் நீண்டால் வைத்தியரிடமோ உளவளத்துணை செய்பவரிடமோ கதையுங்கள்.

முற்றத்தில் நிற்கும் வெள்ளத்தையும் வாய்க்கால் தண்ணீரையும் அளக்கலாமா?

வேண்டாம். வெள்ளநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், காலில் சிறு கீறல் போதும். ஓடும் தண்ணீர் முழங்கால் அளவிலேயே பெரியவரையும் விழுத்தும். சின்னப் பிள்ளைக்கு ஒரு சாண் தேங்கு தண்ணீரே ஆபத்து. மழை விட்டு வெயில் வந்தபின், உங்கள் கண் முன்னால், முற்றத்துச் சிறு குழியில் ஈர்க்குத் துண்டை நட்டு நனைந்த இடத்தை முறித்துப் பார்க்கலாம். குளம் நிரம்பி வான் பாய்வதும், வாவித் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டுவதும் பெரியவர்கள் பார்க்கிற அளவைகள். அனர்த்த எச்சரிக்கை வந்த நாளில் போத்தலை மறந்துவிடுங்கள், பிறகு தாளில் அந்த நாளுக்கு நேரே ஒரு வெள்ளைப் பொட்டு ஒட்டலாம்.

மழை விட்டபின் தாளையும் போத்தலையும் என்ன செய்வது?

தாளின் மூலையில் ஆண்டையும் ஊரையும் பிள்ளையின் பெயரையும் எழுதிச் சுருட்டி வையுங்கள். அடுத்த மாரியில் அதன் கீழே புதுத் தாளைத் தொங்கவிட்டால், இரண்டு கார்த்திகையையும் ஐந்து வயதுப் பிள்ளை தானே ஒப்பிடும். முன்பள்ளியில் செய்ததென்றால் தரம் ஒன்றுக்குப் போகும்போது பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வீட்டுக்குள் வையுங்கள். கச்சான் வெயிலில் வெளியே கிடந்தால் பிளாஸ்ரிக் நொறுங்கிவிடும், சீமெந்து அடி மட்டும்தான் மிஞ்சும்.